நாடக வகுப்பில் மார்க் எதற்குப் போடுவது?

வருகிற ஜூனில் நாடகத் தயாரிப்புப் பாடத்தின் மதிப்பெண் முறையை மாற்றலாம் என்று எங்கள் துறையில் பேச்சு நடக்கிறது. ஒரு பருவத்துக்கு 24 மாணவர்கள், வாரம் 6 மணி நேரம், 15 வாரம். ஆக மொத்தம் 90 மணி நேரத்தில் ஒரு நாற்பது நிமிட நாடகத்தைத் தேர்ந்தெடுத்து, ஒத்திகை பார்த்து, உடை தைத்து, விளக்கு கட்டி, மேடையேற்றி, கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துவைக்க வேண்டும். அதற்கு 100 மதிப்பெண். அந்த நூறை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஆறு வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். இப்போது மேசைமேல் இருக்கிற யோசனைகளில் பெரும்பாலானவற்றை நானே நடத்திப் பார்த்திருக்கிறேன். சென்னையில் வேறு கல்லூரிகளில் இதே பாடத்தை எடுப்பவர்களும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். அதனால் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் யோசனை பழைய யோசனை. மேடையில் தெரிகிற நாடகத்துக்கு மார்க். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார், குரல், உடல்மொழி, மேடைப் பாங்கு என்று தாளில் இருக்கும் கட்டங்களை நிரப்புவார். இதில் நன்மை இல்லாமல் இல்லை. வெளியாள் ஒருவர் வருகிறார் என்றாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆசிரியருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சும் எழாது.

ஆனால் மூன்று வருடம் முன்பு நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த வருட நாடகத்தில் ப்ராப்ஸ், அதாவது நடிகர்கள் மேடையில் கையாளும் பொருள்களைப் பார்த்துக்கொண்டாள். மேடைக்கு இடது பக்கம், திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, அதன்மேல் வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டியிருந்தாள். நாடகத்தில் வரும் ஒவ்வொரு பொருளையும் அந்தத் தாளில் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைந்திருந்தாள். அரிக்கேன் விளக்கு, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, மருந்து பாட்டில், ஒரு கடித உறை. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் காட்சி எண், எடுத்துப்போகிறவரின் பெயர். பொருள் இடத்துக்குத் திரும்பாவிட்டால் தாளில் வெறும் கோடு மட்டும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே யோசித்துச் செய்தது.

நாடகம் நடந்த அன்று மூன்றாம் காட்சி முடிந்ததும் கடித உறையின் இடம் காலியாக இருந்தது. நடித்த பையன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உடை மாற்றப் போய்விட்டான், சட்டை மாடியில் எங்கேயோ கிடக்கிறது. ஐந்தாம் காட்சியில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தாக வேண்டும், கதையே அதில்தான் திரும்புகிறது. இடையில் இருந்தது ஒரு சின்னக் காட்சி, நாலு நிமிடம். அவள் பையிலிருந்து இன்னொரு பழுப்பு உறையை எடுத்தாள். முகவரியை எழுதினாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வசனத்தின் முதல் இரண்டு வரியை அதில் எழுதி மடித்து உள்ளே வைத்தாள். அடுத்த நடிகையின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, தாளிலிருந்த பெயரை அடித்துத் திருத்தினாள். அரங்கில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. "நீ என்ன வேஷம்மா?" என்று கேட்டார் தேர்வாளர். "வேஷம் இல்லை சார், ப்ராப்ஸ்" என்றாள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். குரல், உடல்மொழி, மேடைப் பாங்கு. அவளுக்குப் போட எந்தக் கட்டமும் அதில் இல்லை. 54 வந்தது. கதாநாயகனுக்கு 90. தேர்வாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் பார்க்கச் சொன்னதைப் பார்த்தார். அந்தத் தாளைத் தயாரித்த துறையில் நானும் இருந்தேன். அந்த 54 என் தவறு.

இந்த முறையில் இன்னொரு கேடும் உண்டு, அது மெதுவாகத்தான் தெரியும். நடித்தால்தான் மார்க் என்று ஆனவுடன் 24 பேரும் நடிக்கவே கேட்பார்கள். நாடகம் தேர்ந்தெடுக்கும்போதே நிறைய பாத்திரம் உள்ளதாகத் தேட ஆரம்பிப்போம். ஊர்ஜனம், கூட்டம், சேவகர் என்று ஆளுக்கு ஒரு வரி வசனம் பிரித்துக் கொடுப்போம். மூன்று பேர் நடித்து ஒரு கூட்டமே உழைத்தால் எவ்வளவு அழகாக வந்திருக்கும் என்று நினைத்த நாடகங்களை மார்க்குக்காகவே நான் விட்டிருக்கிறேன்.

சரி, மேடையை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வருவதற்கு மார்க் போடலாம் என்பது அடுத்த யோசனை. கேட்க நியாயமாக இருக்கிறது. கூட்டு வேலையில் ஒருவர் வராவிட்டால் மற்ற எல்லாருடைய நேரமும் வீண். இரண்டு வருடம் இப்படித்தான் நடத்தினேன். 30 மதிப்பெண் வருகைக்கு. மாலை 5 மணியிலிருந்து 7:30 வரை ஒத்திகை, தவறினால் ஒவ்வொன்றுக்கும் கழிவு.

அந்த வகுப்பில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். புறநகர் ரயிலில் சென்ட்ரலுக்கு வரவே ஒன்றரை மணி நேரம். மாலையில் ஒரு மொபைல் கடையில் வேலை, அந்தச் சம்பளத்தில்தான் அவன் படிப்பு நடந்தது. வாரத்தில் மூன்று ஒத்திகைக்கு அவனால் வர முடியாது. ஆனால் காலை ஏழரைக்கே வந்துவிடுவான். அரங்கத்தைப் பெருக்கி, தன் அடவுகளைத் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொள்வான். வசனத்தை முதலில் மனப்பாடம் செய்து முடித்தது அவன்தான். அவனுக்கு 30க்கு 12. அதே வகுப்பில் ஒரு நாள் தவறாமல் வந்து, சுவரோரம் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு 30க்கு 30. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது கை கூசியது.

இதைப் பற்றி யோசித்தபோதெல்லாம் நம் நாடக வரலாற்றில் உள்ள இரண்டு வழிகள் நினைவுக்கு வந்தன. 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஒரு வழி. பின்னாளில் பெயர்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவயதில் அங்கேதான் பயின்றார்கள். பாய்ஸ் கம்பெனி என்று நாம் சொல்லும் அந்த முறையில் பையன்கள் கம்பெனியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாட்டும் வசனமும் நாள் முழுக்கப் பழகுவார்கள். அங்கே இருப்பதுதான் படிப்பு. இன்னொரு வழி அதற்கும் முன்னால் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபா. அவர் வக்கீலாக இருந்து பின்னால் நீதிபதியானவர். சபாவில் இருந்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். வேறு பிழைப்பு உள்ளவர்கள் அந்தப் பிழைப்பை விடாமலே நாடகம் போட்டார்கள். ஆளுக்குக் கிடைக்கிற நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் அப்படி ஒரு சபாவை நடத்தியிருக்க முடியாது. 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு நடிகர்களை வைத்து முழுநேரப் பயிற்சி கொடுத்ததும் முதல் வழியைச் சேர்ந்ததுதான், அதன் பலனைத் தமிழ் மேடையும் சினிமாவும் இன்றைக்கும் அனுபவிக்கின்றன.

நம் வகுப்பு பாய்ஸ் கம்பெனி இல்லை, சபா. ஐந்து பாடத்துக்கு நடுவில் இது ஒரு பாடம். தாம்பரம், ஆவடி, கும்மிடிப்பூண்டி என்று ஆளுக்கு ஒரு திசையிலிருந்து வருகிறார்கள். ஏழு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுத 75 சதவீத வருகை என்ற விதி ஏற்கெனவே எல்லாருக்கும் உண்டு, அதற்கு மேலும் வருகையை எண்ணுவது வசதியுள்ளவர்களுக்குக் கொடுக்கும் இனாமாகத்தான் முடிகிறது.

இதனால் ஒழுங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்பார்க்க வேண்டிய ஒழுங்கு வேறு. வர முடியாது என்றால் ஒத்திகைக்கு முன்பே சொல்ல வேண்டும், தொடங்கிய பிறகு சொல்லக்கூடாது. வருகிற நாளில் ஐந்து நிமிடம் முன்னால் வர வேண்டும். தன் காட்சி இல்லாத நேரத்தில் செய்ய ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பையன் இந்த மூன்றையும் செய்தான்.

குழு மதிப்பெண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடகம் ஒன்று, எனவே மார்க்கும் ஒன்று, 24 பேருக்கும் 72 என்றால் 72. கொள்கையாகக் கேட்டால் எனக்குப் பிடித்தது இதுதான். நடைமுறையில் பாதிப் பேர் உழைக்க மீதிப் பேர் பின்னால் வருவார்கள், உழைத்தவர்களின் கசப்பு கடைசி வாரத்தில் மேடையிலேயே தெரியும். முழு மதிப்பெண்ணையும் இப்படி வைக்க முடியாது. ஒரு சிறு பங்கு வைக்கலாம்.

மாணவர்களே ஒருவருக்கொருவர் மார்க் போடுவது என்று ஓர் இளம் ஆசிரியர் சொன்னார். முயன்றோம். எல்லாரும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டார்கள், ஒரே ஒரு பெண்ணைத் தவிர. அவளுக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து நான்கு. அவள் கண்டிப்பான ஸ்டேஜ் மேனேஜர், நேரத்துக்கு வராதவர்களைக் கேள்வி கேட்டவள். அதோடு அந்த முறையை விட்டோம்.

ரெக்கார்ட் நோட் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய யோசனை. அறிவியல் துறைகளில் உள்ளதுபோல ஒவ்வொரு மாணவரும் ஒரு பதிவேடு எழுதி, அதை வைத்து வாய்மொழித் தேர்வு நடத்துவது. ப்ராப்ஸ் பார்த்தவளுக்கும் விளக்கு பார்த்தவனுக்கும் சொல்ல இடம் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பார்த்து எழுதுவார்கள். "இந்த அனுபவம் எனக்குத் தன்னம்பிக்கை அளித்தது" என்ற வரி ஒரே வருடத்தில் பதினோரு நோட்டில் இருந்தது. அழகாக எழுதத் தெரிந்தவருக்கு மார்க் கூடுகிறது. விளக்கு கட்டத் தெரிந்து எழுத வராதவருக்குக் குறைகிறது.

அதனால் வேலை முடிந்த பிறகு எழுதிய நோட்டை நான் கேட்பதில்லை. வேலை நடக்கும்போது பயன்பட்ட காகிதத்தைக் கேட்கிறேன். போன வருடம் விளக்கு பார்த்தவனின் க்யூ தாளை, அதாவது எந்த இடத்தில் எந்த விளக்கு மாற வேண்டும் என்று குறித்த தாளைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியது. "க்யூ 14: கதவைத் திற என்றதும் மஞ்சள் மெல்லக் குறைய வேண்டும், 5 எண்ணுவதற்குள்" என்று பேனாவில் எழுதியிருக்கிறான். 5ஐ அடித்து 8 என்று பென்சிலில். அதையும் அடித்து, "அவள் திரும்பிப் பார்த்த பிறகு" என்று கீழே. எண்ணுவதை விட்டுவிட்டு நடிகையைப் பார்க்கக் கற்றுக்கொண்ட இடம் அது. ஒரு மேடைக்கலைப் பாடத்தில் இதைவிடப் பெரிதாக என்ன கற்றுக்கொள்ள முடியும்? அந்தப் பையன் தமிழ்வழியில் படித்து வந்தவன். அனுபவக் கட்டுரை கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பான்.

இனி நான் ஆதரிக்கிற முறைக்கு வருகிறேன். பருவத்தின் முதல் இரண்டு வாரத்தில் நாடகமும் ஆட்களும் முடிவாகிவிடும். மூன்றாம் வாரம் ஒவ்வொருவரும் தன் பொறுப்பை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நானும் கையெழுத்திடுவேன். நடிகர் என்றால் எட்டாம் வாரத்திலிருந்து கையில் வசன ஏடு இல்லாமல் ஒத்திகை. உடை என்றால் ஆறாம் வாரத்துக்குள் எல்லாருடைய அளவும், அதன்பின் கோடவுன் தெருவில் துணி வாங்கிய பில்லும். ப்ராப்ஸ் என்றால் ஏழாம் வாரத்திலிருந்து மாற்றுப் பொருள், பதினொன்றிலிருந்து அசல் பொருள். விளக்கு என்றால் பத்தாம் வாரத்தில் க்யூ தாள். ஸ்டேஜ் மேனேஜர் ஒவ்வொரு ஒத்திகை முடிந்த இரவும் வாட்ஸப் குழுவில் ஐந்து வரி போட வேண்டும்: யார் வந்தார்கள், எது முடிந்தது, எது பாக்கி. அதில் மார்க் கிடையாது, நடந்தது மட்டும். தோழிமேல் புகார் எழுதும் நிலையில் ஒரு மாணவியை நிறுத்தக்கூடாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

கும்மிடிப்பூண்டிப் பையன் இந்த முறையில் "செவ்வாய், வியாழன் மாலை, மற்ற நாள் காலை 7:30" என்று முதலிலேயே எழுதியிருப்பான். அவனோடு சேர்ந்து வரும் காட்சிகளை அந்த இரண்டு மாலைகளில் வைத்திருப்போம். அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு எதிராகத் துறையில் சொல்லப்பட்ட வாதங்கள் லேசானவை இல்லை. புத்திசாலி ஒருவன் வேண்டுமென்றே சுலபமான பொறுப்பாக எழுதிக்கொள்வான் என்றார் ஒருவர். உண்மை, எழுதுவார்கள். அதனால்தான் ஆசிரியர் கையெழுத்து, அதனால்தான் ஏழாம் வாரத்தில் ஒருமுறை எல்லாத் தாளையும் வகுப்பில் சத்தமாகப் படித்துத் திருத்துவது. சத்தமாகப் படிக்கும்போது யாருடையது கனமில்லை என்பது வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியருக்கு வேலை அதிகம் என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான். 24 தாள், வாரா வாரம் பார்க்க வேண்டும். எனக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகிறது. 40 பேருக்கு மேல் உள்ள வகுப்பில் இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. அங்கே இரண்டு நாடகமாகப் பிரித்து இரண்டு ஆசிரியர்கள் பார்க்க வேண்டும், அல்லது குழு மதிப்பெண்ணின் பங்கை உயர்த்த வேண்டும்.

நூறை நான் பிரிக்கிற விதம் இது. ஒப்புக்கொண்ட பொறுப்பைத் தேதிக்குள் முடித்ததற்கு 40. வேலைக் காகிதமும் அதை வைத்து வாய்மொழித் தேர்வும் 20. முன்கூட்டிச் சொல்வது, நேரத்துக்கு வருவது ஆகிய ஒத்திகை ஒழுங்குக்கு 15. மேடையில் நாடகம் வந்த விதத்துக்கு 15, அது 24 பேருக்கும் ஒன்றே. மீதி 10 நாடகம் முடிந்த இரவுக்கு. செட்டைப் பிரித்து, ஆணி பொறுக்கி, வாடகைக்கு எடுத்த உடையை எண்ணி மூட்டை கட்டி, அரங்கத்தைக் கூட்டி, கணக்கை ஒப்படைக்கிற வரைக்கும் இருப்பதற்கு. இந்தப் பத்தை யார் கேட்டாலும் நான் விட மாட்டேன். மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு நடிகர்கள் கிளம்பிப் போக, நாலு பேர் ராத்திரி பத்து மணிக்குப் பலகை தூக்கிக்கொண்டிருந்ததை நான் பல வருடம் பார்த்தாகிவிட்டது. இரவு நேரம் சிலருக்கு முடியாது என்றால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே அளவு வேலை ஒதுக்கலாம்.

வெளித்தேர்வாளர் கட்டாயம் என்று இருக்கிற கல்லூரிகளிலும் இதைச் செய்ய வழி இருக்கிறது. அவரை ஆறரை மணிக்கு வந்து முன்வரிசையில் உட்காரச் சொல்லாமல், நான்கு மணிக்கே வரச் சொல்லுங்கள். மாணவர்கள் அவரவர் இடத்தில் நிற்கட்டும். ஒருத்தி ப்ராப்ஸ் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஒருவன் விளக்குப் பலகையில், ஒருத்தி உடை மாட்டிய கம்பியருகில். தேர்வாளர் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் பேசட்டும், "இது ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்கட்டும். 24 பேருக்கு இரண்டு மணி நேரம். அப்புறம் நாடகம் பார்க்கட்டும். அப்போது அவர் பார்க்கிற நாடகம் வேறாக இருக்கும்.

நாடகத் தேதியை முதல் நாள் கொடுக்கும் தாளிலேயே அச்சடித்துவிட வேண்டும். எங்களுக்குத் திறந்தவெளி மேடை, அக்டோபர் பாதிக்கு மேல் மழையை நம்ப முடியாது, அதனால் செப்டம்பர் கடைசி வாரம். அதற்கு முந்தின மூன்று மாலைகளில் எட்டு மணி வரை ஆகும் என்பதையும் அந்தத் தாளில் தமிழில் எழுதி, வீட்டிலும் விடுதிக் காப்பாளரிடமும் காட்டும்படி கொடுத்துவிடுகிறேன். ஜூனிலேயே தெரிந்தால் கூட்டிப்போக அப்பாவோ அண்ணனோ வருவதற்கு ஏற்பாடு நடக்கிறது. செப்டம்பரில் திடீரென்று சொன்னால், நல்ல நடிகையாக இருந்தாலும் வீட்டில் விட மாட்டார்கள்.

துறையில் இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு. மேடைக்கு 15 மிகவும் குறைவு, இரண்டு மாதம் ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்த நடிகைக்கு அது அநியாயம் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்கிறார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, நானும் நடித்தவள்தான். 20 வரை போக நான் தயார். அந்த ஐந்தை ஒத்திகை ஒழுங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொறுப்புக்கான நாற்பதிலிருந்தோ கடைசி இரவின் பத்திலிருந்தோ எடுக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வாரக் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.